பூட்டு வேலைப் பெட்டி: அளந்த பிறகு வாங்கியது, வேலை வரிசையில் அடுக்கியது

இந்தப் பெட்டி இரண்டு வகைப் பூட்டுகளுக்கு மட்டும். ஒன்று, கதவில் பதியும் பின் சிலிண்டர்: உள்ளே வரிசையாக நிற்கும் ‘பின்’ என்ற குட்டி உலோக உருளைகளைச் சாவியின் வெட்டுகள் சரியான உயரத்துக்குத் தூக்கினால் திறக்கும். அதிலும் அடுக்குமாடி வீடுகளில் நிறைந்திருக்கும் யூரோ சிலிண்டர். மற்றது, மாங்காய்ப் பூட்டு போன்ற திண்டுக்கல் பாணி லீவர் பூட்டுகள்; இவற்றில் அடுக்கி வைத்த லீவர் தகடுகளைச் சாவி தூக்கும். கார் சாவி, எலக்ட்ரானிக் பூட்டு, பெட்டக வேலை எதுவும் இதில் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி என்று ஆரம்பித்தால் ஒவ்வொன்றிலும் பாதிக் கருவிதான் சேரும்; வேலை நடக்கும்போது தேவையான மீதிப் பாதி கடையில் இருக்கும்.

இரண்டு வகைக்கும் கருவிகள் அடியோடு வேறு. பின் சிலிண்டர் அளவுகளால் ஆனது. தொழிற்சாலை தீர்மானித்த நாலைந்து முதல் பத்து ஆழங்களுக்குள் எல்லாச் சாவிகளும் அடங்கிவிடும். அங்கே வெர்னியரும் பின் டப்பாவும்தான் வேலை செய்யும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு கைவேலை. லீவரையும் சாவியையும் ஒன்றுக்கொன்று அரத்தால் பொருத்தியிருப்பார்கள். அட்டவணை பார்த்துச் சாவி வெட்ட முடியாது. அங்கே அரமும் சுத்தியும் அடைகல்லும் வேண்டும்.

முதல் செலவு வெர்னியர்

0.01 மி.மீ. காட்டும் டிஜிட்டல் வெர்னியர் ஒன்று வாங்கும்வரை வேறெதையும் வாங்க வேண்டாம். பூட்டைப் பிரிக்கும் முன் சாவியை அளந்து எழுத வேண்டும்: அலகின் (பூட்டுக்குள் நுழையும் பகுதியின்) அடிவிளிம்பிலிருந்து ஒவ்வொரு வெட்டின் பள்ளம்வரை. பள்ளத்தின் நடுத்தட்டையில் வெர்னியரின் கத்தி முனை உட்கார வேண்டும். சரிவில் உட்கார்ந்தால் 0.1 மி.மீ. கூடுதலாகக் காட்டும். தேய்ந்த சாவி குறைத்துக் காட்டும். ஆகவே ஒரே தயாரிப்பின் நாலைந்து சாவிகளை அளந்து, எண்களை ஏறுவரிசையில் எழுதுங்கள். அவை கொத்துக் கொத்தாக நிற்கும். இரண்டு கொத்துகளுக்கு இடையே உள்ள தூரம்தான் அந்தத் தயாரிப்பின் படி. வெளிநாட்டுத் தயாரிப்புகளில் இந்தப் படி வெளிப்படையாகவே தெரிந்த விஷயம்: ஷ்லேகில் 0.015 அங்குலம், க்விக்செட்டில் 0.023 அங்குலம். அட்டவணை கைக்கு வராத தயாரிப்புக்கு நாமே ஒன்று எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

படி தெரிந்துவிட்டால் கணக்கு சுலபம். சாவியில் வெட்டு 0.40 மி.மீ. ஆழம் கூடினால், சாவியைத் தொடும் கீழ் பின் 0.40 மி.மீ. நீளம் கூட வேண்டும். சாவி உள்ளே இருக்கும்போது கீழ் பின்னின் தலை பிளக்கின் (சாவி நுழையும் உள் உருளையின்) மேற்பரப்போடு சமமாக நின்றால்தான் பிளக் சுழலும்.

பின்கள்: எத்தனை, எந்த அளவில்

எல்லா அளவும் அடங்கிய கிட் வாங்குவதா, ஒரு தயாரிப்புக்கு மட்டும் வாங்குவதா என்பதைப் படியை வைத்தே முடிவு செய்யலாம். பொதுக் கிட்டுகளில் பழக்கமானவை 0.003 அங்குலப் படியும் 0.005 அங்குலப் படியும். 0.005 என்றால் 0.127 மி.மீ. தேவைப்படும் நீளம் இரண்டு பின்களுக்கு நடுவில் விழுந்தாலும் பிழை 0.064 மி.மீ.யைத் தாண்டாது, சாதாரணக் கதவுப் பூட்டு அதைத் தாங்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று 0.25 மி.மீ. படியில் வாங்கினால் பிழை 0.125 வரை போகும். சாவி திரும்பும், ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆட்டித்தான் திருப்ப வேண்டியிருக்கும். நாளடைவில் சாவி முறுகும்.

4.0 முதல் 8.0 மி.மீ. வரை 0.127 படியில் வைத்தால் 32 அளவு. ஒரே தயாரிப்புக்கு, ஆறு ஆழம் என்றால், 6 அளவு போதும். அளவுக்கு 40 வீதம் 240 பின். தொடக்கத்துக்கு இரண்டாவதுதான் புத்திசாலித்தனம். எண்ணிக்கையைச் சமமாகப் பிரிக்க வேண்டாம். அடுத்தடுத்த வெட்டுகளுக்கு இடையே மேடு பள்ளம் அதிகமானால் சாவி வழுக்கி நுழையாது. அதனால் ஓரத்து அளவுகள் (மிகக் குட்டையும் மிக நீளமும்) பக்கத்தில் பக்கத்தில் வராது. நடு அளவுகள்தான் முதலில் தீரும். ஓரத்துக்கு 20, நடுவுக்கு 60 என்று வைத்துக்கொள்ளலாம்.

கீழ் பின்னுக்கு மேலே, ஸ்பிரிங்குக்கு அடியில் நிற்கும் மேல் பின்னை ஒரே நீளத்தில் வாங்குவது பலர் செய்யும் தவறு. கீழ் பின் நீளமாகவும் மேல் பின்னும் நீளமாகவும் இருந்தால் ஸ்பிரிங் முழுவதும் அமுங்கி இறுகிவிடும். சாவி பாதியில் நிற்கும். குறைந்தது இரண்டு நீளம் வேண்டும்: நீளக் கீழ் பின்னுக்குக் குட்டை, குட்டைக் கீழ் பின்னுக்கு நீளம். ஸ்பிரிங்கைப் பின்னைவிட இரண்டு மடங்கு எண்ணிக்கையில் வாங்குங்கள். பிரித்த பூட்டின் பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போடுவது மிச்சம் அல்ல, அடுத்த வேலைக்கு அச்சாரம்.

நீளம் கொஞ்சம் கூடிய பின்னை அரத்தால் தேய்த்துச் சமப்படுத்தும் பழக்கம் உண்டு. பிளக்கில் வைத்து மேலே அரம் ஓட்டினால் பிளக்கின் வட்டமும் தட்டையாகிவிடும். அந்தத் தட்டையில் மேல் பின்கள் சிக்கும். அளவுப் பின் இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

பின் டப்பா

கருவிகளை அடுக்குவதில் அதிகம் சொதப்புவது இங்கேதான், எனவே சற்று விரிவாக. மணி, பாசி வைக்கும் 36 அறைப் பிளாஸ்டிக் பெட்டி மலிவு, பார்ப்பதற்கும் வசதி. ஆனால் கழற்றி மாட்டும் தடுப்புகள் உள்ள பெட்டியில் தடுப்புக்கும் அடித்தட்டுக்கும் இடையே ஒரு நூலிழை இடைவெளி இருக்கும். பின்னின் விட்டம் ஏறத்தாழ 2.9 மி.மீ. என்பதால் அது நுழையாது, ஸ்பிரிங் நுழையும். மேலே தடுப்புக்கும் மூடிக்கும் இடையே உள்ள இடைவெளி இன்னும் மோசம். பெட்டியை நிமிர்த்தித் தூக்கிய மறு நிமிடம் எல்லா அளவும் கலந்துவிடும். கலந்த 600 பின்னை ஒவ்வொன்றாக வெர்னியரில் அளந்து பிரிப்பது ஒரு முழு நாள் வேலை.

தீர்வு மூன்று. தடுப்பும் பெட்டியும் ஒரே வார்ப்பாக உள்ள பெட்டியே வாங்குவது. மூடியின் உட்புறம் 2 மி.மீ. ஃபோம் ஷீட் ஒட்டுவது. மூடினால் தடுப்பின் விளிம்பில் அது அழுந்த வேண்டும். தடுப்பு கழற்றும் வகைதான் கிடைத்தது என்றால், அடியில் சிலிகான் சீலண்டை மெல்லிய கோடாக இழுத்து ஒருநாள் காயவிடுவது. பெட்டியைச் சுற்றி அகலமான ரப்பர் பேண்ட் ஒன்று. கொக்கிகள் என்றைக்காவது உடையும்.

அறையில் எழுதும் எண் மூடியில் இருந்தால் போதாது. மூடியைக் கழற்றி மாற்றி வைத்தால் எல்லாம் தலைகீழ். அறையின் அடியில், பெட்டிக்கு வெளிப்புறமாக, எண்ணை ஒட்டுங்கள். கண்ணாடிபோல் தெளிவான பெட்டி என்றால் உள்ளிருந்தே படிக்கலாம். கடைசி வரிசையில் ஓர் அறையைக் காலியாக விட்டு ‘அளக்க வேண்டியது’ என்று எழுதி வையுங்கள். மேசையில் அனாதையாகக் கிடக்கும் பின்னைக் கண் மதிப்பில் ஏதோ ஓர் அறையில் போடும் ஆசையை அது தடுக்கும். காந்தத்தை நம்ப வேண்டாம்: பித்தளைப் பின் ஒட்டாது.

ஃபாலோயரும் மற்ற கைச்செய் கருவிகளும்

பிளக்கை வெளியே இழுக்கும்போது அதன் இடத்தை நிரப்பி, மேல் பின்கள் கொட்டாமல் தாங்கும் கம்பிதான் ஃபாலோயர். பிளக்கின் விட்டத்தை அளந்து, அதைவிட 0.1 முதல் 0.3 மி.மீ. குறைவாகக் கடைசலில் உருட்டிக்கொள்ளலாம். பிளக் பெரும்பாலும் 12.7 முதல் 13 மி.மீ.க்குள் வரும், ஆனால் அளக்காமல் உருட்டாதீர்கள். பித்தளை, நைலான், அக்ரிலிக் எதுவும் சரி. இரும்பு வேண்டாம், உள்சுவரைக் கீறும். மரக்குச்சி வெயில் காலத்தில் சரியாக இருக்கும், ஐப்பசி மழையில் ஊதி இறுகும்.

முனையை அழகுக்காக உருட்டிவிடாதீர்கள். ஃபாலோயரின் முகம் பிளக்கின் பின்முகத்தோடு இடைவெளியின்றி ஒட்ட வேண்டும். முனை உருண்டால் அங்கே ஒரு பள்ளம் உண்டாகும். சரியாக அதில்தான் மேல் பின் விழும்.

ஒரு பக்கச் சாவி உள்ள சிலிண்டருக்கு 100 மி.மீ. நீளம் போதும். இரு பக்க யூரோ சிலிண்டருக்கு அது உதவாது: நடுவில், தாழை நகர்த்தும் நாக்கு சுழலும் இடைவெளி சுமார் 10 மி.மீ.தான், நீளக் கம்பி உள்ளே போக வழியில்லை. அதே கம்பியில் 9 மி.மீ. துண்டுகள் நான்கு வெட்டி, இரு முகங்களையும் சதுரமாக்கிக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடித்திருக்கும் கிளிப்பைக் கழற்றி, அதைக் கொஞ்சம் திருப்பி முன்னே தள்ளத் தள்ள, பின்னால் நடு இடைவெளி வழியாகத் துண்டை ஒவ்வொன்றாக நுழைக்க வேண்டும். 60 மி.மீ. சிலிண்டரின் ஒரு பாதிக்கு மூன்று துண்டு. நான்காவது, கீழே விழுந்து தொலையப்போகும் துண்டுக்கு.

திருப்புவது ஏன் என்றால், நேராக இழுத்தால் பிளக்கின் ஒவ்வொரு துளையும், மேல் பின் நிற்கும் அடுத்த குழியின் அடியில் போகும்போது அங்குள்ள மேல் பின் அதில் குதித்துவிடும். 20 பாகை திருப்பியபடி இழுத்தால் துளைகள் ஒதுங்கியே போகும். திரும்பச் செலுத்தும்போதும் அப்படியே. முழுதாக 180 பாகை திருப்பிவிடக் கூடாது. சில பிளக்குகளில் கீழே திறந்திருக்கும் சாவித் துவாரத்தில் மேல் பின்கள் இறங்கிப் பூட்டிக்கொள்ளும்.

பிளக் தாங்கிக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. 60 × 40 × 20 மி.மீ. மரக்கட்டை இரண்டை வைஸில் சேர்த்து இறுக்கி, சந்திப்புக் கோட்டில் சரியாக 13 மி.மீ. துளை போட்டுப் பிரித்தால், இரண்டு அரைவட்டத் தொட்டில் கிடைக்கும். ஒன்றில் பிளக், மற்றதில் சிலிண்டரின் மறு பாதியின் பிளக். சாமணம் சாதாரணமானதே போதும். நுனியின் இரு உட்பக்கங்களிலும் உருண்டை ஊசி அரத்தால் ஒரு சிறு காடி இழுத்தால் பின் உருளாமல் நிற்கும்.

கிளிப் கழற்றும்போது பூட்டும் கையும் ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் பைக்குள் இருக்கட்டும். பறக்கும் கிளிப் பையோடு நிற்கும். வேலைத் தளமாக, விளிம்புள்ள எவர்சில்வர் தாம்பாளத்தில் வெள்ளைத் துண்டு விரித்துக்கொள்வதைவிட நல்லது எதுவும் இன்னும் பார்க்கவில்லை.

லீவர் பூட்டுக்கு

மூடித் தகடு ரிவிட்டால் அடித்த பூட்டு என்பதால் திறப்பதே முதல் வேலை. 200 கிராம் சுத்தி, சென்டர் பஞ்ச், 2 மற்றும் 3 மி.மீ. பின் பஞ்ச், 2 முதல் 4 மி.மீ. வரை டிரில் பிட், அடைகல்லாக ஒரு சாண் நீளத் தண்டவாளத் துண்டு. ரிவிட்டின் தலையை அதன் தண்டின் விட்டத்துக்குச் சமமான பிட்டால் தலை ஆழத்துக்கு மட்டும் குடைய வேண்டும். தலை கழன்றதும் பஞ்சால் தட்டினால் தண்டு இறங்கும். அதற்கும் கீழே குடைந்தால் தகட்டின் துளை பெருக்கும். புது ரிவிட் எவ்வளவு அடித்தாலும் ஆடும்.

தகட்டைத் தூக்கும் முன் நாலாபுறமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லீவர்களின் வரிசை மாறினால் சாவி வேலை செய்யாது, ஆறோ ஏழோ லீவரை எல்லா வரிசையிலும் போட்டுப் பார்ப்பது நடக்கிற காரியம் இல்லை. 1.5 மி.மீ. செம்புக் கம்பியின் ஒரு முனையை மடக்கி, மேலிருந்து கீழாக வரும் வரிசையிலேயே லீவர்களின் அச்சுத் துளையில் கோத்துவிடுங்கள். மடக்கிய முனை எப்போதும் மேல் லீவர் பக்கம் என்று ஒரே முறை வைத்துக்கொண்டால் குழப்பமே இல்லை. ஸ்பிரிங் முறிந்த லீவர் தொங்கும், சாவி பாதிச் சுற்றில் முட்டும். புது ஸ்பிரிங்குக்கு 0.3 மி.மீ. பாஸ்பர் வெண்கலப் பட்டை வைத்திருங்கள்; மழையில் நனையும் கேட் பூட்டில் இரும்புப் பட்டை துருப்பிடிக்கும்.

சாவி பொருத்த 150 மி.மீ. தட்டை அரம், ஒரு ஊசி அரக் கட்டு, ஒரு மெல்லிய வார்டிங் அரம். பூட்டு மேசையில் திறந்திருக்க, வெத்துச் சாவியை (இன்னும் வெட்டாத சாவியை) மெழுகுவத்திப் புகையில் கரியேற்றித் திருப்பினால் எந்த லீவர் எங்கே தொடுகிறது என்று கரி அழிந்த இடம் காட்டும். அங்கே இரண்டு இழுப்பு, மறுபடி கரி. லீவரின் காடியை அரத்தால் பெருக்கிச் சாவிக்கு வழிவிடுவது குறுக்குவழி. பூட்டைப் பலவீனப்படுத்தும் வழியும் அதுதான்.

ரிவிட் அடிப்பதற்கு முன் தகட்டை இரண்டு எம்3 (3 மி.மீ.) போல்ட் நட்டால் தற்காலிகமாகப் பிடித்து, சாவியை இருபது முறை திருப்பிப் பாருங்கள். இந்த இரண்டு போல்ட்டும் பெட்டியில் நிரந்தரமாக இருக்க வேண்டியவை. சரியாக இருந்தால் பித்தளைக் கம்பியை, தகட்டுக்கு வெளியே விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீட்டி வெட்டி, உருண்டைத் தலை வரும்வரை சிறு சிறு அடியாக அடிக்கலாம். ஓங்கி அடித்தால் தகடு லீவர் அடுக்கை நசுக்கும். லீவருக்கும் தகட்டுக்கும் நடுவே 0.1 மி.மீ. ஃபீலர் தகடு (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைய வேண்டும். நுழையவில்லையென்றால் சாவி இறுக்கமாகத்தான் திரும்பும், எண்ணெய் விட்டாலும் தீராது.

பெட்டியும் அடுக்கும்

12 மி.மீ. பிளைவுட், வெளியளவு 420 × 260 × 180 மி.மீ., அடியும் மூடியும் 6 மி.மீ. உள்ளே மூன்று தட்டு: கீழே 75, நடுவில் 50, மேலே 35 மி.மீ. உயரம். மேல் இரண்டும் 390 × 230. உட்புறம் 396 × 236 என்பதால் பக்கத்துக்கு 3 மி.மீ. இடைவெளி. இதைவிடக் குறைத்தால் மழைக்காலத்தில் தட்டு தூக்க வராது. பின் டப்பாவை வாங்கி அதன் உயரத்தை அளந்த பிறகே நடுத்தட்டை வெட்டுங்கள்.

கருவிகளை இனம் இனமாக, அரமெல்லாம் ஒரு பக்கம், சாமணமெல்லாம் ஒரு பக்கம் என்று அடுக்குவது பார்க்க அழகு. ஆனால் ஒரு சிலிண்டரைப் பிரிக்க எல்லாத் தட்டையும் கிளற வேண்டியிருக்கும். இங்கே மேல் தட்டு பிரிக்கவும் அளக்கவும்: திருப்புளி, கிளிப் பிளேயர், வெர்னியர், குறிப்பு நோட்டு. நடுத்தட்டு பின் டப்பா, தொட்டில், ஃபாலோயர், சாமணம். கீழே சுத்தி, பஞ்ச், அரங்கள். தண்டவாளத் துண்டு பெட்டிக்குள் இல்லை. அதைச் சுமந்தால் பெட்டியின் அடி கழன்றுவிடும். வேலை மேலிருந்து கீழே போகும், திரும்ப மேலே வந்து முடியும்.

மேல் தட்டில் 10 மி.மீ. ஈ.வி.ஏ. ஃபோமில் ஒவ்வொரு கருவியின் உருவையும் கத்தியால் வெட்டி, அடியில் சிவப்புத் தாள் ஒட்டினால், காணாமல்போன கருவியின் இடம் சிவப்பாகத் தெரியும். வேலை இடத்தைவிட்டுக் கிளம்பும் முன் ஒரு பார்வை போதும். வெட்டுவதற்கு முன் அந்த அடுக்கோடு ஒரு மாதம் புழங்கிப் பாருங்கள். ஃபோமை வெட்டிய பிறகு எதையும் நகர்த்த முடியாது. அரங்கள் ஒன்றோடொன்று உரசினால் பல் மழுங்கும், தனித்தனி துணி உறையில் வையுங்கள். கடலோர ஊர் என்றால் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு.

எண்ணெய் விஷயம்

பின் சிலிண்டருக்குக் கிராஃபைட் தூள், அல்லது உலர் பி.டி.எஃப்.ஈ. (டெஃப்லான்) ஸ்பிரே, இரண்டில் ஒன்று. கிராஃபைட் போட்ட பூட்டில் எண்ணெய் பட்டால் இரண்டும் குழைந்து கறுப்புச் சாந்தாகி ஸ்பிரிங்குகளைப் பிடித்துக்கொள்ளும். டபிள்யூ.டி.40 கழுவுவதற்கு, மசகுக்கு அல்ல. வீடுகளில் கைக்குக் கிடைக்கும் தேங்காய் எண்ணெய்தான் இந்த வேலைக்கு முதல் எதிரி: நாளாக ஆகப் பிசுபிசுக்கும், 24 பாகைக்குக் கீழே உறையும். கொடைக்கானல் மார்கழியில் அது பூட்டுக்குள் மெழுகு. எண்ணெய் ஊறி வரும் சிலிண்டரை முழுதாகப் பிரித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பழைய பல் துலக்கியால் தேய்த்து, காயவைத்த பிறகே பின் போட வேண்டும்.

கடைசியாக பிக்கும் நோட்டும்

பிக் (சாவியின்றிப் பூட்டைத் திறக்கும் கம்பி) வாங்குவதானால் 0.5 முதல் 0.6 மி.மீ. தடிமனில் இரண்டு கொக்கி, பிளக்கைத் திருப்பிப் பிடிக்கும் மூன்று டென்ஷன் பட்டை போதும். இருபது துண்டு செட்டில் பதினைந்து சும்மா கிடக்கும். வைஸில் கட்டிய சொந்தப் பூட்டில் மட்டும் பழகுங்கள். நித்தம் புழங்கும் கதவில் வேண்டாம், பின்னும் ஸ்பிரிங்கும் கெட்டால் வெளியே நிற்க வேண்டியதுதான்.

குறிப்பு நோட்டில் தேதி, பூட்டின் வகை, அளந்த எண்கள், போட்ட பின்கள், கொடுத்த சாவிகளின் எண்ணிக்கை. அடுத்தவர் பூட்டு என்றால் உரிமைக்கு எதைப் பார்த்தோம் என்பதும். முகவரியை அதே நோட்டில் எழுதக் கூடாது. வெட்டு எண்களும் வீட்டு எண்ணும் ஒரே பக்கத்தில் இருந்தால் அந்த நோட்டே சாவி. வரிசை எண் ஒன்றைக் கொடுத்து முகவரியை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின் மாற்றிய பூட்டின் பழைய சாவிகளை உரிமையாளர் முன்னாலேயே ஹேக்ஸாவில் அலகின் குறுக்கே இரண்டாக அறுத்து, பித்தளைத் தூளைத் தாம்பாளத்திலிருந்து தட்டிவிட்டுத் துண்டை உதறி மடித்து வையுங்கள். அதில் ஒரு ஸ்பிரிங்காவது ஒட்டியிருக்கும்.